பத்தாவது படம்

பத்துப் படங்கள் வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. நான் மருதோண்டி போட்ட கைகளின் பத்துப் படங்கள். வாடிக்கையாளருக்குச் செய்த வேலையாக இருக்க வேண்டும், மாதிரிக்குப் போட்டுப் பார்த்தது செல்லாது. அந்தக் கோப்பை வைத்து மூவர் அடங்கிய குழு என்னை விசாரிக்கும், கண் முன்னே ஒரு கைக்குப் போடச் சொல்லும், பிறகு சான்றிதழ் தரும். சான்றிதழ் இல்லாவிட்டால் நான் ஆசிரியை இல்லை.

கண்டியில், ஏரிக்குப் பின்னால் ஏறும் தெருவொன்றில் இருக்கிற மூன்று மாடிக் கலைக்கூடத்தில் அப்போது நான் இரண்டு வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு மண்டபமும் தையல் வகுப்பும். நடுமாடியில் ஒரு பக்கம் பரதம், மறுபக்கம் கண்டிய நடனம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் படிக்கட்டில் ஏறுகிறவருக்கு எந்தத் தாளத்துக்குக் கால் வைப்பது என்று தெரியாது. மேல்மாடியில் ஓவியம், கணினியில் விளம்பரம் வடிவமைப்பது, கடைசி அறையில் மணப்பெண் அலங்காரம். அதில் மருதோண்டி என்னுடையது. என் மாணவிகள் எல்லாரும் வளர்ந்த பெண்கள். குண்டசாலையிலிருந்து கைக்குழந்தையோடு ஒருத்தி வருவாள்; வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள் ஒருத்தி.

எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அலவத்துகொட வீட்டு ஜன்னல் கண்ணாடியில்தான் மருதோண்டிக் கோன் பிடித்துப் பழகினேன். கண்ணாடி நல்ல வாத்தியார், பிழைத்தால் துடைத்துவிடலாம், யாரிடமும் போய்ச் சொல்லாது. பிறகு பெருநாளுக்குப் பெருநாள் அயல்வீட்டுக் கைகள். பிறகு கலியாணக் கைகள். ஊரில் எனக்கு இருந்த பெயர் "மருதோண்டி போடுற பொம்பள." அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, மீன் விற்கிறவரை மீன்காரர் என்றுதானே சொல்வார்கள். ஆனால் கலைக்கூடத்தின் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அம்மையார், முதல் நாளே என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். நாற்பத்தொரு வயதில் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். வீட்டுக்குப் போய்த் தேநீருக்குச் சீனி போட மறந்துவிட்டேன்.

அந்தச் சொல்தான் இப்போது கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கூடத்தைப் பதிவு செய்ய வேணும், டீச்சர்," என்றார் பொறுப்பாளர். "பதிவு செய்யிறதெண்டால் படிப்பிக்கிற எல்லாரிட்டையும் ஒரு பத்திரம் இருக்க வேணும். படிச்சு வராத ஆக்களுக்கு இப்பிடி ஒரு வழி வச்சிருக்கினம். மூண்டு கிழமை இருக்கு. உங்களுக்கென்ன, பத்துப் படம் பெரிய காரியமே?"

பக்கத்துக் கதிரையில் இருந்த ஓவிய சேர் சிரித்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பியவர். "அக்கா, எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட காகிதம் இருக்கு, வேலை இல்ல. உங்ககிட்ட வேலை இருக்கு, காகிதம் இல்ல. ரெண்டு பேரையும் ஒண்ணா அரைச்சு உருட்டினா ஒரு முழு மனுசன் வருவான்."

நானும் சிரித்தேன். என்னிடம் ஒரு படம்கூட இல்லை என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் மணப்பெண்ணின் படம் வெளியே போவதில்லை. மருதோண்டி போடும் நாளில் வாசலில் பெண்ணின் தாயோ மாமியோ ஒரு பையோடு நிற்பார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருத்தியும் தன் போனை அதில் போட வேண்டும். சில வீடுகளில் பை மறந்துபோகும், சில வீடுகளில் வாங்கக் கூச்சப்படுவார்கள். அதனால் என் மதினியிடம் சொல்லிப் பச்சை நிறத்தில் சுருக்குப் பை ஒன்று தைத்து வாங்கி நானே கொண்டுபோகத் தொடங்கினேன். முதலில் விழுவது என் போன். அதுதான் என்னைப் பத்து வீட்டுக்கு, பிறகு நூறு வீட்டுக்குக் கூப்பிட வைத்தது. "அவவக் கூப்பிட்டா படம் வெளிய போகாது" என்பார்கள். "அவ நல்லாப் போடுவா" என்பது அதற்குப் பிறகுதான்.

ஆக, ஊர் என்னை நம்பிய அதே காரணத்தால் என் கோப்பு வெறுமையாக இருந்தது.

அது நோன்பு மாதம் வேறு. கலியாணம் இல்லை, புதிதாக ஒரு கை கிடைக்காது. பழைய மணப்பெண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்தேன். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள்; எனக்கு வாய்க்குக் குறைவில்லை, ஆனால் வங்காளத்தை விட இது தூரமாக இருந்தது. "கை மட்டுந்தானே ராத்தா, ஆனா அவர்ட்ட கேக்கணும்" என்றாள் ஒருத்தி. "மாமி கண்டா என்னைத் தோலுரிப்பா" என்றாள் இன்னொருத்தி. மாத்தளையில் கட்டிக்கொடுத்தவள் மட்டும், "எடுங்க ராத்தா, நம்ம ரெண்டு பேர்ட கையும் தானே அது" என்று இரண்டு படம் அனுப்பினாள். அப்படியும் இப்படியுமாகக் கேட்டு, விளக்கி, மன்றாடி ஒன்பது சேர்ந்தது.

கடைசிக் கிழமை, பழைய வாட்ஸ்அப் செய்திகளுக்குள் தேடும்போது, தெல்தெனியவில் முன்பு நான் மருதோண்டி போட்ட ஒரு பெண்ணின், நான் மறந்தே போயிருந்த படம் வந்தது.

முழங்கை வரை, இரண்டு கை, ஆறு மணித்தியாலம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. மறுநாள் காலையில் அவளே கழுவிய கையைப் படமெடுத்து, "ராத்தா நிறம் பாருங்க" என்று அனுப்பியிருந்தாள். கறுப்புக்குக் கிட்ட போன சிவப்பு. இடது மணிக்கட்டில் மிளகு அளவு மச்சம் ஒன்று. அதை மறைக்காமல் ஒரு பூவுக்கு நடு ஆக்கியிருந்தேன். அவளுக்கு அது நிரம்பப் பிடித்திருந்தது. அந்தக் கலியாணம் எட்டு மாதத்தில் முறிந்துபோனது. அதன் பிறகு நான் அவளோடு பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

முகம் இல்லை, கைதான். நான் எடுக்கவில்லை, அவளே அனுப்பியது. முறிந்துபோன கலியாணத்தைக் கிளறி எதற்கு அவளை நோகடிக்க வேண்டும். இப்படி மூன்று நியாயம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் படத்தைப் பத்தாவதாக வைத்துக் கோப்பைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். கேட்கவில்லை. மற்ற ஒன்பது படத்துக்கும் கேட்டேன், அவளைக் கேட்கவில்லை. ஒரு காரியத்துக்கு மூன்று நியாயம் தேவைப்பட்டால் அந்தக் காரியத்தில் பிழை இருக்கிறது என்று என் மாமி சொல்வார். மாமி அந்த நேரம் அஸர் தொழுதுகொண்டிருந்தார்.

விசாரணைக்கு முதல்நாள் பின்னேரம் மூன்றரை மணி. நோன்புக் கஞ்சிக்கு அடுப்பில் பானை இருந்தது. போன் அடித்தது. தெல்தெனியப் பெண்ணின் உம்மா.

"தங்கச்சி, ஒங்கட கலைக்கூடத்துச் செவத்துல என்ட மகள்ட கை தொங்குதாம்."

எனக்கு விளங்கவில்லை. சுவரில் எதையும் தொங்கவிட்டதாக எனக்குத் தெரியாது.

"ஆள் உசரத்துக்குப் பெருசாம். கீழ மண்டபத்துல, உள்ள போற எல்லாருக்கும் தெரியிற மாதிரி."

"யாரு சொன்ன?"

"மகளுக்குப் புதுசா ஒரு இடம் பேசுறோம். மாப்பிள்ளைட தங்கச்சி அங்க தைக்கப் படிக்குது. போன கெழம வீட்டுக்கு வந்து மகள்ட பக்கத்துலதான் இருந்திச்சு. இண்டைக்கு அந்த மணிக்கட்டு மச்சத்தக் கண்டிட்டு அவட உம்மாக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கா, அந்த உம்மா என்னக் கேட்டா."

"அவங்களுக்கு மொதல் கலியாணம் தெரியாதா?"

"தெரியும். நாங்க ஒண்டும் மறைக்கல்ல, எல்லாம் சொல்லித்தான் பேசின." அவர் குரல் உயரவேயில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "ஆனா சொல்றது வேற, தொங்கவிடுறது வேற. பெருநாள் முடிய முடிவு சொல்ல வாறவங்க. வேற ஒருத்தருக்காகப் போட்ட மருதோண்டிய அவங்கட புள்ள போக வர பாத்துக்கிட்டு ஈக்கணுமா?"

"அவ தானே எனக்கு அனுப்பின..."

"நிறம் பாக்க அனுப்பின. ஊர் பாக்கவா அனுப்பின?"

நான் அடுப்பை நிறுத்தினேன்.

"ஒங்கட பைய நம்பித்தான் ஒங்களக் கூப்பிட்ட, தங்கச்சி. மக இன்னும் கேள்விப்படல்ல. அவ கேள்விப்பட முந்தி எடுத்துருங்க." போனை வைத்துவிட்டார்.

பொறுப்பாளருக்கு எடுத்தேன். மணி அடித்தது, தூக்கவில்லை. ஓவிய சேருக்கு எடுத்தேன். வகுப்பில் இருந்தால் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிற மனுசன் அவர். ஐந்து மணிக்குத் தையல் வகுப்பு முடியும். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் தாய்மார் வருவார்கள், மண்டபத்தில்தான் நிற்பார்கள். அந்த மாப்பிள்ளையின் தாயும் வருவார்.

பஸ் அக்குறணையில் ஆறு நிமிடம் நின்றது. ஏறக்குறைய எல்லாரும் நோன்பு, யாரும் பேசவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நாலு ஐம்பதுக்கு இறங்கி, மிச்சத் தூரத்துக்கு த்ரீவீல் பிடித்தேன்.

தாய்மார் இன்னும் வரவில்லை. மறுநாள் வரும் குழு பார்ப்பதற்காக மண்டபத்தில் எல்லா ஆசிரியர்களின் வேலையும் வரிசையாக இருந்தது. ஓவிய சேரின் நீர்வண்ணங்கள், நடன உடுப்புகள், கணினி வகுப்பு டீச்சர் வடிவமைத்த பிஸ்கட் பெட்டி. நடுவில், வாசலுக்கு நேரே, ஒரு கதவளவு உயரத்தில் அந்த இரண்டு கைகள். பொறுப்பாளர் என் கோப்பிலிருந்து சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பெருப்பித்து அச்சடித்திருந்தார். சரியாகத்தான் தேர்ந்திருந்தார். மச்சம் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தெரிந்தது.

கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி, மேலே இருந்த ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினேன்.

"என்ன டீச்சர் செய்யிறியள்?" பொறுப்பாளர் படிக்கட்டில் நின்றார்.

"இத எடுக்கணும் மிஸ். பொண்ணுக்கிட்ட கேக்காம வச்சுட்டன்."

அவர் படியிறங்கினார். வந்து கீழ் ஊசிகளைக் கழற்றினார். இரண்டு பேருமாகச் சுருட்டும்போது தையல் வகுப்புக் கதவு திறந்தது. முதலில் வந்த பிள்ளை என்னைப் பார்த்தாள், சுருளைப் பார்த்தாள், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் தங்கச்சி அவள்தானா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

எல்லாரும் போய் முடிந்து, ஆறு மணி தாண்டிய பிறகு, அலுவலக அறையில் கோப்பைத் திறந்து சின்னப் படத்தையும் எடுத்தேன்.

"இதை எடுத்தால் ஒன்பதுதான் இருக்கும்," என்றார் பொறுப்பாளர். "பத்து எண்டு எழுதிக் கிடக்கு. நாளைக்கு வாற ஆக்கள் ஒரு கால் புள்ளி விடமாட்டினம். சுவரில இருந்து எடுத்தாச்சுத்தானே. கோப்புக்குள்ள இருக்கட்டுமே? மூண்டு பேர் பாத்திட்டு மூடி வைப்பினம்."

உண்மையைச் சொன்னால், அது எனக்கும் தோன்றிய யோசனைதான். பஸ்ஸில் வரும்போதே தோன்றியது.

ஓவிய சேர் தூரிகை கழுவிய கையோடு உள்ளே வந்து கதையைக் கேட்டார். "அக்கா, இதுக்கா இம்புட்டு யோசன? இப்பவே வாங்க வீட்டுக்குப் போறோம். என் வீட்டுக்காரம்மா கைய நீட்டும். போட்டு, படம் புடிச்சு வச்சிருங்க. வாடிக்கையாளர்னு அது கையெழுத்தும் போடும். நான் சொன்னா எதுவுமே கேக்காது, நீங்க சொன்னா கேக்கும்."

அப்போது நகரப் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு கேட்டது. பொறுப்பாளர் தன் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து என் பக்கம் தள்ளினார். "முதலில நோன்பைத் திறவுங்கோ. பிறகு பாப்பம்." ஓவிய சேர் எங்கிருந்தோ இரண்டு மாரி பிஸ்கட் கொண்டுவந்தார். ஒருவர் விபூதிப் பூச்சு, ஒருவர் கையெல்லாம் நீலச் சாயம். இரண்டு பேரும் நான் குடித்து முடியும்வரை காத்திருந்தார்கள்.

"ஒன்பதோட போறன்," என்றேன்.

"டீச்சர், ஏலாமல் போகும்," என்றார் பொறுப்பாளர்.

"தெரியும் மிஸ்."

காலை ஒன்பது மணிக்குக் குழு வந்தது. தலைவி சிங்களப் பெண்மணி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு படிக்கிறவர். மற்ற இருவரும் ஆண்கள். கேள்விகள் சிங்களத்தில் வந்தன, நான் கண்டிக்காரிதானே, சிங்களத்திலேயே பதில் சொன்னேன். அவர் படங்களைப் புரட்டினார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து விரல் வைத்து எண்ணினார்.

"ஒன்பது."

"ஒன்பதுதான் மிஸ்."

"பத்தாவது?"

"நேற்றுப் பின்னேரம் வரை இருந்தது."

சொன்னேன். பை, படம் வெளியே போகாத வழக்கம், நான் கேட்காமல் வைத்தது. பெண்ணின் ஊரையும் கலியாணக் கதையையும் விட்டுவிட்டேன். ஓரத்தில் இருந்தவர் பேனையைக் கீழே வைத்தார். "கை மட்டும்தானே? முகமே இல்லையே."

"எங்கட ஊரில கையும் ஆள்தான் சேர்."

யாரும் சிரிக்கவில்லை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு, என் கையைப் பாருங்கள், படத்தை ஏன் பார்க்கிறீர்கள் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அவர்கள் வகுத்த சட்டம் இல்லை அது. அவர்களுக்கும் மேலே ஒருவர் எண்ணுவார்.

பிறகு ஒரு மணித்தியாலம். குண்டசாலை மாணவி கையை நீட்டி எதிரே உட்கார்ந்தாள், குழந்தை வெளியே ஓவிய சேரின் மடியில். மணப்பெண்ணுக்குப் போடுவது போல, உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. தலைவி கதிரையை இழுத்துக்கொண்டு என் தோளருகே வந்துவிட்டார், அவர் மூச்சு எனக்குக் கேட்டது. இருபது நிமிடத்தில் கோன் அடைத்துக்கொண்டது. அழுத்தினேன், வரவில்லை. இன்னும் அழுத்தினால் வெடித்து அவள் கை முழுக்கச் சிந்தும். முந்தானையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நுனியைக் குத்தினேன். முதல் தடவை ஊசி விலகிப்போனது. நோன்பாலா பயத்தாலா என்று தெரியவில்லை. மாணவி உதடு அசையாமல், "டீச்சர், கண்ணாடியில போடுற மாதிரி நினைங்க" என்றாள். நான் வகுப்பில் அவர்களுக்குச் சொல்வதை எனக்கே திருப்பித் தந்தாள். ஐம்பத்தி நாலாவது நிமிடத்தில் கோனைக் கீழே வைத்தேன்.

தலைவி அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். நீண்ட நேரம் பார்த்தார். மூவரும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"வேலையில் ஒரு குறையும் இல்லை," என்றார் அவர். "கோப்பில் குறை. குறை இருப்பதை இல்லை என்று என்னால் எழுத முடியாது. அடுத்த சுற்றுக்குப் பத்தோடு வாருங்கள்." எழுந்து போகும்போது நின்று, தமிழில், தேடித் தேடி, "கோபம் வேண்டாம்," என்றார்.

பெருநாள் முடிந்து புதிய நேர அட்டவணை வாசலில் ஒட்டப்பட்டது. மருதோண்டி வகுப்புக்கு நேரே ஓவிய சேரின் பெயர். கீழே சின்ன எழுத்தில், உதவி என்று போட்டு, என் பெயர். முதல் சனிக்கிழமை அவர் வகுப்புக்குள் வந்து கதவோரம் நின்றார். "அக்கா, பேரு என்னுது, கை உங்களுது. யாராச்சும் மேலதிகாரி வந்தா நான் கோனைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு நிப்பேன், நீங்க சிரிச்சுறாதீங்க." மாணவிகள் சிரித்தார்கள். பொறுப்பாளர் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். கூப்பிடும்போது இருவருமே அட்டவணை இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

தெல்தெனியவிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. அந்த இடம் சரிவந்ததா, என்னால் குழம்பிப்போனதா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கே பூட்டு விழுந்த காலம் அது. பக்கத்தில் இருப்பவரோடு பேச்சுக் கொடுக்காமல் நான் பஸ்ஸில் போவதே இல்லை. அந்த நாட்களில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் கழித்து அந்த உம்மாவின் எண் திரையில் வந்தது.

"வாற வியாழன் நிக்காஹ், தங்கச்சி. புதன் அஸருக்குப் பொறகு வர ஏலுமா?"

"என்னையா?"

"மக ஒங்களத்தான் சொல்றா. எனக்கு மனசில்ல, நேராச் சொல்றன். அவட கலியாணம், அவட கை. வாங்க."

போனேன். வாசலில் அவர் நின்றார், கையில் அவர்களுடைய சொந்தப் பை, பூப்போட்ட துணி. என் பச்சைப் பையை நான் வெளியே எடுக்கவில்லை. என் போனை அவர் பையில் போட்டேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, அது விழுந்ததை உறுதிப்படுத்திக்கொண்டு, வழிவிட்டார்.

உள்ளே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர். சுவரோரம் ஒரு பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனவள். மணப்பெண் இரண்டு கைகளையும் தலையணையில் வைத்து நீட்டினாள். நான் இடது கையிலிருந்து தொடங்கினேன். மச்சத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மறைப்பதா, சுற்றிப் போவதா?

"பழைய மாதிரியே பூ வைங்க," என்றாள் அவள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "ஒங்களுக்கு இன்னும் ஒரு படம் குறையாமே. உம்மாக்கிட்ட நான் கேக்கவா?"

அறைக்கதவில் அவள் உம்மா சர்பத் தட்டோடு நின்றார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. தட்டு அசையவில்லை.

"கைய ஆட்டாதீங்க," என்றேன். "பூ கலையும்."

முடித்து, தேசிக்காய்ச் சாறும் சீனியும் தொட்டுவிட்டு, போனை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் சத்தம் கேட்டது. படம் வந்திருக்கும் என்று நினைத்து எடுத்தேன். படம் இல்லை, அவள் குரல்.

"கழுவிட்டன் ராத்தா. நிறம் சொல்லவா?"

"சொல்லுங்க மகள்."

"உள்ளங்கை நல்ல கறுப்பு. விரல் நுனி அதைவிடக் கறுப்பு. புறங்கை கொஞ்சம் செவப்புத்தான், பின்னேரம் ஆக இன்னும் ஏறும்."

"மணிக்கட்டு?"

வளையல்கள் உரசின; கையைத் திருப்பிப் பார்க்கிறாள் போல.

"பூவுல இதழ் எல்லாம் நல்லாப் பிடிச்சீக்கி," என்றாள். "நடுவுல மச்சம் மட்டும் பழைய நிறந்தான்."